மாடியில் 2 போர்ஷன்: ஒன்றுக்கு வாடகை ஏற்ற வேண்டும், இன்னொன்றைக் காலி செய்ய வேண்டும்

மாடிப்படி62:
வணக்கம். குரோம்பேட்டையில் சொந்த வீடு. கீழே நாங்கள், மாடியில் 2 போர்ஷன்.

போர்ஷன் ஏ: 2 பெட்ரூம், 650 சதுர அடி. வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000. 3 வருடமாக ஒரே வாடகை. மாதம் 5-ஆம் தேதிக்குள் ஜிபேயில் வந்துவிடும். இதே தெருவில் இதே அளவு வீட்டுக்கு இப்போது 14,000 என்று டூ லெட் போர்டு தொங்குகிறது.

போர்ஷன் பி: 1 பெட்ரூம். வாடகை 9,500, அட்வான்ஸ் 40,000. ஜனவரியில் பாதி, பிப்ரவரி, மார்ச் முழுசாகப் பாக்கி. கேட்டால் "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்" என்று பதில். 2 பேர் என்று சொல்லி வந்தவர்கள், இப்போது 5 பேர். போன முறை கரண்ட் பில் 1,840 ரூபாய் கட்டாமல் இ.பி.யில் இருந்து ஃபியூஸ் பிடுங்க வந்துவிட்டார்கள், கனெக்‌ஷன் என் பேரில் இருப்பதால் நான்தான் கட்டினேன்.

இரண்டு பேருக்கும் வரும்போது 11 மாத ஒப்பந்தம் போட்டது. அதற்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. எங்கேயும் பதிவு செய்யவும் இல்லை.

ஏ-க்கு எவ்வளவு ஏற்றலாம்? பி-க்கு ஒரேயடியாக 12,500 என்று சொன்னால் அவர்களே கிளம்பிவிடுவார்களா? மோட்டார் ஸ்விட்சை ஆஃப் பண்ணினால் ஒரு வாரத்தில் காலி செய்வார்கள் என்று என் மைத்துனர் சொல்கிறார். சரியா?

கணக்குநோட்டு:
சார், ஏ-யை மட்டும் முதலில் பேசுவோம்.

போர்டில் தொங்குவது கேட்கிற விலை, படிகிற விலை வேறு. அந்த 14,000 வீட்டில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா, எந்த மாடி, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று பாருங்கள். போர்டு 2 மாதமாக அங்கேயே தொங்கினால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம்.

சரி, 14,000 உண்மை என்றே வையுங்கள். ஏ காலி செய்தால் ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும், அது 12,000. பெயின்ட்: சுவர்ப் பரப்பு தரைப் பரப்பைப் போல் சுமார் 3 மடங்கு வரும், உங்களுக்கு 2,000 சதுர அடி. சதுர அடிக்கு 9 ரூபாய் என்றால் 18,000. ஆக 30,000. புரோக்கர் உங்களிடமும் ஒரு மாத வாடகை கேட்டால் அது தனி.

இருக்கிறவருக்கே 13,000 என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். லாரி வாடகை, புது அட்வான்ஸ், புரோக்கர் என்று அவர் பக்கமும் செலவு இருக்கிறதே. அப்படியானால் புது ஆளுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 1,000 ரூபாய்தான், பலரும் நினைப்பது போல் 2,000 இல்லை. 30,000-ஐ மாதம் 1,000-ஆகத் திருப்பி எடுக்க 30 மாதம் ஆகும். அதற்குள் அந்தப் புது ஆள் இருப்பாரா, மாதம் 5-ஆம் தேதி பணம் போடுவாரா என்பது யாருக்குத் தெரியும்.

அடுத்தது, 3 வருடம் சும்மா இருந்ததில் போனது எவ்வளவு என்று பாருங்கள். வருடம் 5 சதவீதம் வைத்திருந்தால் 12,600, 13,230, 13,892 என்று போயிருக்கும். அதாவது இன்று 13,892 அவருக்கு உறைத்திருக்காது. இப்போது ஒரே அடியில் 14,000 கேட்டால் உறைக்கும். அதனால் இந்த வருடம் 13,000, அடுத்த ஒப்பந்தத்தில் இருந்து 11 மாதத்துக்கு ஒரு முறை 5 சதவீதம் என்று எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் அடுத்த வருடம் மறுபடியும் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பீர்கள்.

அட்வான்ஸை ஏற்ற வேண்டாம். வாடகையையும் அட்வான்ஸையும் சேர்த்துக் கேட்டால் நல்ல ஆளும் கிளம்பிவிடுவார்.

பழையசுண்ணாம்பு:
கணக்குநோட்டு அண்ணன் கணக்கில் ஒரு சின்ன திருத்தம். 3 வருடம் ஆன பெயின்ட், ஏ இருந்தாலும் இன்னும் 2, 3 வருடத்தில் அடித்துத்தான் ஆக வேண்டும். முழு 18,000-ஐயும் காலி செய்கிற கணக்கில் போடுவது நியாயம் இல்லை, பாதி போடலாம். 21,000 என்றால் 21 மாதம். முடிவு மாறாது, ஆனாலும் கணக்கு கணக்குதானே.

கோர்ட்வாசல்:
மைத்துனர் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கு இப்போது இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதியை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று இந்தச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. மோட்டாரை நிறுத்தினால் பி-யில் இருப்பவர் வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி வாடகைப் புகார்களைக் கேட்கும் அரசு அதிகாரி) மனுக் கொடுப்பார். அதுவரை பாக்கிக்காரராக இருந்தவர் அன்றோடு பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார், பதில் சொல்கிற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். பூட்டுப் போடுவது, சாமானை வெளியே வைப்பது எல்லாம் இதைவிட மோசம்.

பி-க்கு 12,500 என்று சொல்வதும் உதவாது. கொடுக்காதவருக்கு வாடகையை ஏற்றினால் ஏறுவது காகிதத்தில் உள்ள எண் மட்டும்தான். ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் வாடகையை மாற்றலாம் என்கிறது சட்டம். அவர் சம்மதிக்காத 12,500-ஐ வைத்துப் பாக்கி கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், "நான் ஒத்துக்கொண்ட வாடகையே இது இல்லை" என்று வாதம் திசை மாறிவிடும். 9,500 என்பதில் சண்டை இல்லை. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியது, வரிசையாக:

எழுத்தில் பாக்கி கேட்கும் நோட்டீஸ். 2 மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் முழுசாகக் கட்டவில்லை என்றால், வீட்டைத் திரும்பக் கேட்க அது ஒரு காரணம். உங்களுக்கு இரண்டரை மாதம் ஆகிவிட்டது. நோட்டீஸில் வீட்டு விலாசம், எந்த போர்ஷன், மாத வாடகை, எந்தெந்த மாதம், எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். வக்கீல் மூலம் போனால் நல்லது.

பழைய ரிஜிஸ்டர் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் டெலிவரி ஒப்புகையோடு வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். வாங்க மறுத்தால் தபால்காரர் அப்படியே குறிப்பு எழுதித் திருப்புவார். அந்த உறையைப் பிரிக்காதீர்கள், பிரிக்காத உறைதான் சாட்சி.

ஒப்பந்தம் முடிந்த பிறகு அதே நிபந்தனையோடு மாதாமாதம் ஓடுவதாகச் சட்டம் எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 6 மாதம்தான். உங்கள் இரண்டு போர்ஷனும் அதைத் தாண்டிவிட்டன. எழுத்தில் ஒப்பந்தம் போட முடியாமல் போவதையும் வீட்டைத் திரும்பக் கேட்கும் காரணமாக இந்தச் சட்டம் வைத்திருக்கிறது. வக்கீலிடம் பாக்கியையும் இதையும் சேர்த்தே சொல்லுங்கள். 5 பேர் இருப்பதை மட்டும் பெரிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வந்தவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள் என்றால் அது உள்வாடகை ஆகாது.

இன்னொரு இடத்தில் நிறைய பேர் வழுக்கி விழுவார்கள். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, அந்தத் தேதியும் தாண்டிய பிறகு, அவர் 9,500 போட்டார் என்று எதுவும் எழுதாமல் வாடகையாக வாங்கிக்கொண்டால், நோட்டீஸைக் கைவிட்டதாக வாதாட இடம் கிடைத்துவிடும். பணத்தை வாங்குங்கள். அன்றே, "நோட்டீஸைக் கைவிடாமல், வீட்டைப் பயன்படுத்தியதற்கான தொகையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று மெசேஜில் போடுங்கள். ஒரேயடியாக வாங்க மறுப்பதும் தப்பு. நீங்கள் மறுத்தால் அவர் வாடகை அதிகாரியிடம் கட்டலாம், பிறகு பாக்கியே இல்லை என்பார்.

ஏ-க்கு எழுதும் புது ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். 11 மாதத்துக்குப் பதிவு தேவையில்லை என்பது சார்பதிவாளர் அலுவலகக் கணக்கு. 2017 சட்டப்படி 11 மாத ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் இரண்டு பேருடைய அடையாள அட்டை, படம், ஒப்பந்தம் ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும்.

எட்டாவதுவீடு:
வாடகைக்கு இருக்கிறவங்க பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தை. ஏ வீட்டுக்காரர் 3 வருஷமா என்னென்ன ரிப்பேர் சொல்லி நீங்க கிடப்புல போட்டிருக்கீங்கன்னு முதல்ல ஒரு லிஸ்ட் எடுங்க. பாத்ரூம் கதவு அடியில ஊறி உப்பியிருக்கும், கிச்சன் சிங்க் பைப் ஒழுகும், ஹால் சீலிங்ல ஓதம் தெரியும். இதையெல்லாம் செஞ்சு குடுத்துட்டு 1,000 கேட்டா யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. ஒழுகுற பைப்புக்குக் கீழ பக்கெட் வச்சிருக்கிற வீட்டுல போய் "மார்க்கெட் ரேட்"னு பேசினா கோபம்தான் வரும்.

எது யார் செலவுன்னு சட்டத்தோட அட்டவணையிலயே இருக்கு. கட்டட ரிப்பேர், வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் மாத்துறது, வயரிங் இதெல்லாம் ஓனர். குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கீஸர், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசுவலை இதெல்லாம் குடியிருக்கிறவங்க. காலி பண்ணும்போது பெயின்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிக்கிறது ஊர் வழக்கம், ஆனா அட்டவணைப்படி வெள்ளையடிக்கிறது உங்க வேலை. யாராவது வாடகை அதிகாரிகிட்ட போனா உங்க பக்கம் பலம் இருக்காது. ஆணி அடிச்சு சுவரைப் பெயர்த்தது, உடைஞ்ச வாஷ்பேசின் இதுக்குப் பிடிச்சா கேட்க மாட்டாங்க. அட்வான்ஸ் மிச்சத்தை காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள திருப்பணும், அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

அட்வான்ஸ் பத்தியும் ஒண்ணு. வேற மாதிரி எழுதிக்காத பட்சத்துல 3 மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுங்கிறது சட்டம். நீங்க ஏ கிட்ட 5 மாசம் வாங்கியிருக்கீங்க, இப்ப ஒப்பந்தமே உயிரோட இல்ல. புது ஒப்பந்தத்துல அந்த 60,000-ஐ எழுத்துல காட்டுங்க. அவர் பாதுகாப்பா உணர்வார், ஏத்துற பேச்சும் சுலபமா முடியும்.

அப்புறம், ஏ வீட்டுக்காரர் ஆபீஸ்ல எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படிக்கான வரிச் சலுகை) கேட்டா உங்க பான் நம்பர் வேணும், ஏன்னா வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டுது. குடுக்காம மழுப்பாதீங்க.

கணக்குநோட்டு:
அந்த பான் விஷயத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. வருட வாடகையில் நீங்கள் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கு என்று தள்ளுபடி உண்டு, ரசீது கேட்க மாட்டார்கள். மாதம் 13,000 என்றால் வருடம் 1,56,000. வரியாக 6,000 கட்டியிருந்தால் 1,50,000, அதில் 45,000 போக 1,05,000தான் உங்கள் வருமானத்தில் சேரும்.

மாடிப்படி62:
எல்லோருக்கும் நன்றி. ஏ தெளிவாகிவிட்டது. பாத்ரூம் கதவு உண்மையிலேயே உப்பித்தான் இருக்கிறது மேடம், எப்படிக் கண்டுபிடித்தீர்களோ!

பி-யில் ஒரு சந்தேகம். அட்வான்ஸ் 40,000 கையில் இருக்கிறதே, இன்னும் 2 மாதம் பொறுத்துப் பார்க்கலாமா? கோர்ட், வக்கீல் என்று போகாமல் பேசி அனுப்ப வழி உண்டா? இன்னொன்று, கரண்டுக்கு மாடிக்கு ஒரே மீட்டர் வைத்து சப்-மீட்டர் போட்டுவிட்டால் தொல்லை தீருமா?

ஒயர்மேன்:
சப்-மீட்டர் யோசனை வேண்டாம் சார். இ.பி.யில் 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு வீட்டு கனெக்‌ஷனுக்கும். இரண்டு வீட்டை ஒரே மீட்டரில் சேர்த்தால் ஒரு வீட்டின் 100 யூனிட் போச்சு. அதோடு, இரண்டு வீட்டு ஓட்டமும் சேர்ந்து 2 மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே (யூனிட் அளவுக்கு ஏற்ற ரேட் படி) மாறி, கீழே இருக்கும் மலிவு ரேட்டும் கிடைக்காது. அந்தக் கூடுதல் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் ஏ-யோடும் சண்டை வரும்.

தனித்தனி மீட்டர்தான் சரி. பில் கட்டாமல் போவது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் கோளாறு. அந்த சர்வீஸ் நம்பருக்கு உங்கள் மொபைல் எண்ணைப் பதியுங்கள், ரீடிங் எடுத்ததும் உங்களுக்கே மெசேஜ் வரும். வாடகையோடு சேர்த்து அந்த மாதமே கேட்டுவிடலாம்.

சப்-மீட்டர் வைக்க வேண்டிய இடம் மோட்டார். தண்ணீர் மோட்டார் உங்கள் மீட்டரில்தானே ஓடுகிறது? 1 ஹெச்பி மோட்டார் 1 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கு மேல் இழுக்கும், பழசு என்றால் 1 யூனிட் என்றே வையுங்கள். 2 பேர் 5 பேர் ஆனதில் உங்களுக்கு உண்மையான செலவு அங்கேதான். மோட்டாருக்கு மட்டும் ஒரு சின்ன மீட்டர் போட்டு 2 மாதத்துக்கு ஒரு முறை ஆள் கணக்குப்படி பிரியுங்கள். பி-க்கு அடுத்து வருபவரின் ஒப்பந்தத்தில் இதை எழுதிவிட்டால் தலை எண்ணுகிற பேச்சே வராது.

வைகாசிவாசல்:
பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். கணக்கைப் பாருங்கள் சார். பாக்கி 4,750 + 9,500 + 9,500 = 23,750. கரண்ட் பில் 1,840 சேர்த்தால் 25,590. 40,000-இல் இன்று மிச்சம் 14,410. ஏப்ரல் போனால் 4,910. மே போனால் 4,590 ரூபாய் உங்கள் கையைக் கடித்திருக்கும், சுவர் எப்படி இருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன்பே. அட்வான்ஸ் தீர்ந்த பிறகு அவருக்குக் கிளம்ப ஒரு காரணமும் இல்லை. திரும்பி வரப் பணம் இல்லை, அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கும் காசு இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிடுவார். கழித்துக்கொள்ளச் சொல்வதை நீங்கள் ஏற்றுக்கொண்ட மாதிரி பேசவே கூடாது. அட்வான்ஸ் காலி செய்யும்போது பேச வேண்டியது, வாடகை மாதாமாதம்.

பேசி அனுப்ப இதுதான் நேரம். நம் ஊரில் வீடு மாறுவதற்கு என்று மாதம் இருக்கிறது. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், மார்கழியும் கிடையாது. ஆனி கடைசியில் காலி செய்யச் சொன்னால் "ஆடி முடியட்டும் சார்" என்று ஆவணிக்குப் போய்விடும், அது 2 மாதம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் "பிள்ளைங்க படிப்பு". ஆகவே மே 31-ஐக் குறியுங்கள், வைகாசியில் அவருக்கும் வீடு கிடைக்கும், உங்களுக்கும் ஆள் வருவார்.

என்ன கொடுத்துப் பேசுவது? மே மாத வாடகை வேண்டாம், ஜனவரியின் பாதி 4,750-உம் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏப்ரல் கழித்த மிச்சம் 4,910-உடன் இந்த 4,750 சேர்ந்து அவர் கைக்கு 9,660 வரும். உங்களுக்கு இழப்பு 14,250. பல்லைக் கடித்துக்கொள்ளத்தான் வேண்டும். வழக்கு என்று போய் 6 மாதம் இழுத்தாலே 57,000, வக்கீல் பீஸ் தனி.

அந்த 9,660-ஐ முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள். அவர் பார்த்த புது வீட்டுக்கு முன்பணம் தேவை என்றால் 3,000, 4,000 வரை நேராக அந்த ஓனர் கணக்குக்குப் போடுங்கள், இவர் கையில் வேண்டாம். மீதி, லாரியில் சாமான் ஏறி, வீடு காலியாகி, நீங்கள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, இ.பி. மீட்டரை போட்டோ எடுத்து, எல்லாச் சாவியும் கைக்கு வந்த பிறகு. சாவி 2 கொடுத்திருந்தால் 2 வாங்குங்கள், அப்படியும் அன்றே பூட்டை மாற்றுங்கள். "இன்ன தேதி காலி செய்தேன், இனி பாக்கி எதுவும் இல்லை" என்று ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்து.

பேச்சு நடக்கிறது என்று நோட்டீஸை நிறுத்தி வைக்க வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் போகட்டும்.

மாடிப்படி62:
நோட்டீஸ் வக்கீல் அனுப்புவார். அதற்கு முன் நான் வாட்ஸ்அப்பில் போட நினைப்பது இது, பார்த்துச் சொல்லுங்கள்:

"வணக்கம். உங்கள் வாடகை பல மாதமாகப் பாக்கி உள்ளது. உடனடியாகக் கட்டவும். இல்லையென்றால் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டி வரும். ஆட்களும் அதிகமாக இருக்கிறார்கள்."

கோர்ட்வாசல்:
நாலு வரியில் நாலு ஓட்டை சார். "பல மாதம்" என்பதற்கு எண் இல்லை. "உடனடியாக" என்பதற்குத் தேதி இல்லை. அட்வான்ஸில் கழிக்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், பாக்கியே இல்லை என்று சொல்ல அவருக்கு அதுவே போதும். ஆள் கணக்கு இந்த மெசேஜுக்கு வேண்டாம். இப்படிப் போடுங்கள்:

"வணக்கம் சார். மாத வாடகை 9,500. ஜனவரி பாக்கி 4,750, பிப்ரவரி 9,500, மார்ச் 9,500, உங்களுக்காக நான் கட்டிய கரண்ட் பில் 1,840. மொத்தம் 25,590. ஏப்ரல் 15-க்குள் இதே எண்ணுக்குப் போடவும். அட்வான்ஸ் 40,000 காலி செய்யும் நாளில் கணக்குப் பார்க்கப்படும், மாத வாடகைக்குக் கழிக்கப்படாது."

அவர் "சரி சார், பத்து நாள் டைம் குடுங்க" என்று பதில் போட்டால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது, பாக்கியை ஒத்துக்கொண்டதாக ஆகிறது. இடையில் 3,000, 4,000 என்று துண்டு துண்டாக ஜிபே பண்ணுவார். வந்த அன்றே "ஜனவரி பாக்கியில் வரவு, மீதி இவ்வளவு" என்று பழைய மாதத்தில் இருந்து வரவு வைத்து மெசேஜ் போடுங்கள். விட்டால், அது ஏப்ரல் வாடகை என்று பிறகு சொல்வார். இந்த உரையாடலை அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தானாக மறையும் மெசேஜ் வசதி ஆன் ஆகி இருந்தால் இப்போதே ஆஃப் செய்யுங்கள்.

எட்டாவதுவீடு:
அதை அனுப்புறதுக்கு முன்னாடி ஏ வீட்டுக் கதவுக்கு கார்பென்டரைக் கூப்பிடுங்க சார்.